விரல் எடுத்தும் மாறாத சிவப்பு

எனக்கு வந்த நோயின் பெயரைச் சரியாகச் சொல்லப் பழகவே மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் அது என் கால்களையும் கைகளையும் எடுத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கவும் தொடங்கிவிட்டது. இப்போது வீட்டுக்குள் கோல் இல்லாமல் நடக்கிறேன். மாடிப்படிக்கு மட்டும் கைப்பிடி வேண்டும். அந்த நோய் அபூர்வமாக வருவது, அதைப் பற்றி டாக்டர்கள் எழுதட்டும். படுக்கையில் விழுந்த யாருக்கும் வரக்கூடிய படுக்கைப் புண்ணைப் பற்றி எனக்குத் தெரியவந்ததைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதைச் சொல்வதென்றால் என் நாத்தனார் கஸ்தூரியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

என் பெயர் விமலா. குடியாத்தத்தில் பிறந்து, கல்யாணமாகி பெங்களூர் வந்து பதினேழு வருஷம். ஈஜிபுராவில் வீடு. என் கணவர் குணசேகரன் ஆட்டோ, டெம்போக்களுக்கு ஒயரிங் வேலை பார்க்கிறவர். நான் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தேன். தைத்து வரும் சட்டைகளில் தையல் விட்டது, காலர் கோணியது, பொத்தான் ஆடுவது எல்லாவற்றையும் பிடித்துத் திருப்பி அனுப்புகிற வேலை. ஒரே மகள் சுதா, அப்போது ஒன்பதாம் வகுப்பு.

முதலில் இரண்டு நாள் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்து போயின. பத்து நாள் கழித்துப் பாதத்தில் எறும்பு ஊர்வது போல் இருந்தது. மறுநாள் செருப்பு காலில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அன்று சாயங்காலம் பஸ் படியில் கால் ஏற மறுத்தது. கண்டக்டர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். அதற்கடுத்த நாள் வேலையில் சட்டைப் பொத்தானைத் திருகிப் பார்க்க விரலில் வலு இல்லை. நான்காம் நாள் காலையில் குளியலறையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. இவரும் பக்கத்து வீட்டுக்காரரும் நாற்காலியோடு தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள்.

பெரிய ஆஸ்பத்திரி. அவசரப் பிரிவில் ஒரு இளம் டாக்டர் என் முட்டிக்குக் கீழே சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் துள்ளவில்லை. இன்னொரு முட்டி, முழங்கை, கணுக்கால். எங்கே தட்டினாலும் ஒன்றுமில்லை. அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். சட்டையில் கோளாறு கண்ணில் படும்போது என் முகமும் இப்படித்தான் மாறியிருக்கும் என்று தோன்றியது.

பிறகு சோதனைகள். இறால் மாதிரி சுருட்டிப் படுக்க வைத்து, முதுகெலும்பின் நடுவே ஊசி போட்டுத் தண்ணீர் எடுத்தார்கள். நரம்பில் சின்னச் சின்ன ஷாக் கொடுத்து, அது எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்த்தார்கள். பெரிய டாக்டர் வந்து இவரிடம் விளக்கினார். உடம்பு, கிருமியை அடிக்கப் போய்த் தன் நரம்பையே அடிக்கிறது. நரம்புக்கு மேலே உறை மாதிரி ஒன்று உண்டு, அது உரிந்துபோகிறது.

"இன்சுலேஷன் போயிடுச்சு, ஒயர் நல்லா இருக்குது. அப்டியா சார்?" என்றார் இவர்.

டாக்டர் சிரித்துவிட்டார். "கரெக்டா சொன்னீங்க. இன்சுலேஷன் திரும்ப வளரும். ஆனா மாசக் கணக்காகும். அதுவரைக்கும் மூச்சுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது, உடம்புல புண்ணு வரக்கூடாது."

மூச்சைப் பற்றிச் சொன்னது உடனே மனதில் ஏறியது. புண்ணைப் பற்றிச் சொன்னது ஏறவில்லை. சில மணி நேரத்துக்கு ஒருமுறை யாராவது வந்து, "ஒரே மூச்சில எண்ணுங்கம்மா" என்பார்கள். முதல் நாள் இருபத்திரண்டு வரை எண்ணினேன். மறுநாள் பதினேழு. அதற்கடுத்த நாள் பதிமூன்று. பத்துக்குக் கீழே போனால் தொண்டையில் குழாய் போட்டு மெஷினில் வைப்போம் என்று சொல்லியிருந்தார்கள். பதிமூன்று என்று சொல்லி முடித்துவிட்டு, பதினான்கு வாயில் வராமல் நின்றபோது பயந்தேன். அதற்கு மேல் இறங்கவில்லை. ரத்தத்தை வெளியே எடுத்து, அதன் தெளிந்த நீரை மட்டும் நீக்கி, வேறு நீர் சேர்த்து உள்ளே விடும் சிகிச்சை ஐந்து தடவை நடந்தது. அதற்கான செலவை எப்படிப் புரட்டினார் என்று இவர் என்னிடம் கடைசிவரை சொல்லவில்லை. நானும் கேட்டுக் குடையவில்லை.

ஆபத்து தாண்டியதும் பெண்கள் வார்டுக்கு மாற்றினார்கள். அங்கே ஆண்கள் பார்வை நேரத்தில் மட்டும்தான் வரலாம். கூட இருக்க ஒரு பெண் வேண்டும். சுதாவுக்குப் பள்ளிக்கூடம். என் அம்மாவுக்கு ஊரில் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. இவர் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்ப் பேசிவிட்டு வந்து, கட்டில் ஓரமாக நின்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"கஸ்தூரி வரேன்னு சொல்லுது."

வேண்டாம் என்று சொல்லத் தோன்றினாலும் வேறு வழி இல்லை.

கஸ்தூரி இவருடைய தங்கை. அடுகோடியில் வீடு, எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். ஆனாலும் நான்கு வருஷமாக நாங்கள் இருவரும் பேசியதில்லை. காரணம் என் மாமியார். பக்கவாதம் வந்து எட்டு மாதம் எங்கள் வீட்டில் படுத்திருந்தார். பகலில் நான் வேலைக்குப் போக, பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்துக்கொள்வார். வந்ததும் நான்தான் துடைத்து, மாற்றி, ஊட்டுவேன். நான்காவது மாதம் அவருக்கு வால் எலும்பில் புண் வந்தது. சின்னதாகத்தான் தெரிந்தது, உள்ளே பெரிதாக இருந்தது. கடைசியில் அந்தப் புண்ணிலிருந்து ரத்தத்தில் விஷம் ஏறித்தான் இறந்தார். சாவு வீட்டில், உடம்பைக் குளிப்பாட்டும்போது புண்ணைப் பார்த்த கஸ்தூரி, எல்லா உறவுக்காரர்களும் இருக்கும்போது, "எங்கம்மாவ மூத்திர ஈரத்துலயே போட்டு வச்சி சாகடிச்சிட்டாங்க" என்று என் முகத்தைப் பார்த்துக் கத்தினாள்.

அன்றிலிருந்து நான் அவள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அவளும் வரவில்லை.

அந்தக் கஸ்தூரி ஒரு துணிப்பையோடும் பிளாஸ்கோடும் வந்து என் கட்டிலுக்கு அருகே நின்றாள். பிறகு பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, "என்னா செய்யணும்னு யார கேக்கணும்?" என்று பொதுவாகக் கேட்டாள்.

கேட்க வேண்டியவர் சிஸ்டர் ரோஸ்லின். லிங்கராஜபுரத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். தமிழில் பேசிக்கொண்டே கன்னடத்துக்குத் தாவி, அடுத்த கட்டிலுக்குப் போவதற்குள் தமிழுக்குத் திரும்பிவிடுவார். எங்கேயோ ஒரு பயிற்சிக்குப் போய்வந்து, அங்கே கொடுத்த ஒரு தாளைத் தன் செலவில் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தார். எழுந்து நடக்க முடியாத ஒவ்வொரு நோயாளிக்கும் தினமும் காலையில் அந்தத் தாளில் மார்க் போடுவார். வார்டில் மற்ற நர்ஸுகள் அதைக் கூடுதல் வேலை என்று கிண்டல் செய்வார்கள். அவர் கண்டுகொள்வதில்லை.

முதல் நாள் எனக்கு மார்க் போட்டபோது கஸ்தூரிக்கும் சேர்த்தே விளக்கினார்.

"இதுல ஆறு கேள்வி. ஒண்ணு, வலிச்சா தெரியுதா, வாய்விட்டு சொல்ல முடியுதா. ரெண்டு, தோல் ஈரமாவே இருக்குதா. மூணு, எழுந்து நடக்கறாங்களா, சேர்லயாவது உக்காறாங்களா. நாலு, படுத்த இடத்துல தானா அசைய முடியுதா. அஞ்சு, எவ்ளோ சாப்பிடறாங்க. ஆறு, மேல ஏத்தி படுக்க வைக்கறப்ப உடம்பு பெட்ஷீட்டுல உரசுதா. மார்க் கொறைய கொறைய புண்ணு வர்ற ஆபத்து ஜாஸ்தி. முழுசா இருந்தா இருபத்தி மூணு."

"இவங்களுக்கு எவ்ளோ?" என்றாள் கஸ்தூரி.

"பதினொண்ணு. ரொம்ப கம்மி. மூத்திரத்துக்கு டியூப் போட்டிருக்கறதால ஈரத்துக்கு மட்டும் ஃபுல் மார்க்."

தாளில் எண்ணைப் போட்டுவிட்டு அதோடு விடுவதில்லை அவர். ஒரு அட்டையில் கடிகாரம் வரைந்து கட்டில் தலைமாட்டில் தொங்கவிட்டார். இரண்டு மணி நேரம் ஜன்னல் பக்கம், இரண்டு மணி நேரம் மல்லாக்க, இரண்டு மணி நேரம் கதவுப் பக்கம். ஒருக்களித்துப் படுக்க வைக்கும்போது முழுக்கச் சாய்க்காமல் முதுகுக்குத் தலையணை கொடுத்துப் பாதி சாய்க்க வேண்டும். முட்டிகளுக்கு நடுவே ஒரு தலையணை. குதிகால் மெத்தையில் படாமல் இருக்கக் கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று. கீழே சரிந்துவிட்டால் அக்குளில் கை கொடுத்து இழுக்கக் கூடாது, இரண்டு பேர் விரிப்போடு தூக்கி ஏற்ற வேண்டும். இழுத்தால் தோல் விரிப்போடு ஒட்டி நிற்கும், எலும்பு மட்டும் உள்ளே நகரும், நடுவில் உள்ள சின்ன ரத்தக் குழாய்கள் அறுந்துவிடும்.

"எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவுல சதை மாட்டிக்குது. அழுத்தத்துல அங்க ரத்தம் போகாது. நமக்கெல்லாம் தூக்கத்துலயே தெரிஞ்சி பொரண்டுக்கறோம். இவங்களால பொரள முடியாது. அவ்ளோதான் விஷயம்" என்றார்.

அவ்வளவுதானா விஷயம் என்று நான் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

கஸ்தூரி ஒழுங்காகச் செய்தாள். அதைச் சொல்லத்தான் வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து எழுந்து வருவாள். "ஜன்னல் பக்கம்" என்பாள், திருப்புவாள், விரிப்பின் சுருக்கத்தை நீவுவாள், உட்கார்ந்துவிடுவாள். தேவைக்கு மேல் ஒரு சொல் கிடையாது. முட்டையை உதிர்த்து ஊட்டும்போதுகூட என் வாயைத்தான் பார்ப்பாள், கண்ணைப் பார்க்க மாட்டாள். பார்வை நேரத்தில் இவர் வந்து எங்கள் இருவருக்கும் நடுவே உட்கார்ந்து, அவளிடம் ஒன்று, என்னிடம் ஒன்று என்று மாற்றி மாற்றிப் பேசிவிட்டுப் போவார். சுதா ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து தலைசீவி, பின்னலைத் தலைக்கு அடியில் சிக்காமல் பக்கவாட்டில் போட்டுவிடுவாள்.

பத்து நாளில், கிருமி சேரும் என்று சிறுநீர்க் குழாயை எடுத்துவிட்டார்கள். தொல்லை அதில்தான் ஆரம்பித்தது. முட்டுகிற உணர்வு வருவதற்கும் கசிவதற்கும் நடுவே அதிக நேரம் இருக்காது. மணி அடிக்க என் கையில் வலு இல்லை. கஸ்தூரியைக் கூப்பிட்டு, கட்டிலிலேயே சிறுநீர் கழிக்க அடியில் வைக்கும் தட்டைக் கேட்டு, "பேன் வை" என்று சொல்ல வேண்டும். முதல் நாள் இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை சொல்வதற்குள் கொஞ்சம் கசிந்துவிட்டது. அடியில் மடித்துப் போட்ட துணி ஈரமாகிவிட்டது என்று எனக்குத் தெரியும். சொல்ல வாய் எழவில்லை.

யாரிடம் சொல்வது? மூத்திர ஈரத்திலேயே போட்டு வைத்தாள் என்று என்னைச் சொன்னவளிடம், நான் மூத்திர ஈரத்தில் கிடக்கிறேன் என்றா?

அன்று அவள் திருப்ப வந்தபோது, "இப்ப வேணாம், முதுகு வலிக்குது, இப்டியே இருக்கறேன்" என்றேன். மல்லாந்தே கிடந்தால் ஈரம் வெளியே தெரியாது. துணி உடம்புச் சூட்டில் தானாகக் காயும் என்று கணக்குப் போட்டேன். அவள் ஒரு நொடி நின்று பார்த்துவிட்டுப் போனாள். அடுத்த முறையும் வேண்டாம் என்றேன். தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டேன். மறுநாள் காலை ரோஸ்லின் தாளோடு வந்து, "ஈரம் ஏதாவது?" என்று கேட்டபோது, "இல்ல சிஸ்டர்" என்றேன். அன்று வேறு கட்டிலில் ஒருவருக்கு மூச்சுத் திணறல், கூப்பிட்டார்கள். நான் சொன்னதை நம்பி நான்கு மார்க் எழுதிவிட்டு ஓடினார். எத்தனையோ ஆயிரம் சட்டையை உள்புறம் திருப்பிப் பார்த்து அனுப்பிய நான், என் விஷயத்தில் மேல்புறத்தை மட்டும் காட்டி ஏமாற்றினேன்.

இப்படி இரண்டு நாள். துணி மாற்றும்போது கஸ்தூரி கவனித்திருப்பாள் என்றே நினைக்கிறேன். அவளும் கேட்கவில்லை. கேட்டால் நான் என்ன நினைப்பேன் என்று அவளுக்கும் ஒரு தயக்கம் இருந்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் காலை ரோஸ்லின் நிதானமாக வந்தார். கஸ்தூரியும் அவரும் சேர்ந்து என்னைக் கதவுப் பக்கம் திருப்பினார்கள். முதுகுப் பக்கம் பேச்சு நின்றுவிட்டது.

"கஸ்தூரி, இங்க பாருங்க" என்றார் ரோஸ்லின். அவர் விரல் என் வால் எலும்பின் மேல் அழுத்துவது எனக்கு மரத்துப்போனாற்போல், எங்கோ தூரத்தில் நடப்பதுபோல் தெரிந்தது. "செவப்பா இருக்குதா? விரலால அழுத்தி எடுத்தா ஒரு நொடி வெளுத்து, அப்பறம் செவக்கணும். அப்டினா ரத்தம் ஓடுதுன்னு அர்த்தம். இது வெளுக்கவே இல்ல. அழுத்துனாலும் செவப்பு, எடுத்தாலும் செவப்பு. இதுதான் புண்ணோட மொத படி. தோல் இன்னும் கிழியல. இப்ப பாத்தா பொழச்சிக்கலாம்."

கட்டில் கட்டிலாகப் பார்த்து வந்துகொண்டிருந்த வார்டு இன்சார்ஜ் அம்மா காதில் அது விழுந்தது. வந்து பார்த்தார். ஈரத் துணியையும் பார்த்தார். கஸ்தூரி பக்கம் திரும்பினார்.

"ஏனம்மா, நிம்ம கண்ணு எல்லித்து? பேஷண்ட் நோட்கொள்ளோக்கே தானே நிம்மன்ன பிட்டிரோது?" உன் கண் எங்கே இருந்தது, நோயாளியைப் பார்த்துக்கொள்ளத்தானே உன்னை உள்ளே விட்டிருக்கிறது என்று வார்டுக்கே கேட்கும்படி கேட்டார். ஈரத்தில் போட்டு வைத்திருக்கிறாய், திருப்பவில்லை, தூங்குவதற்கா வந்தாய் என்று அடுக்கிக்கொண்டே போனார். இருபது கட்டில்களிலும் தலைகள் எங்கள் பக்கம் திரும்பின.

கஸ்தூரி தலையைக் குனிந்து நின்றாள். அவளுக்குக் கன்னடம் தண்ணீர் மாதிரி வரும். ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. அவள் கை மட்டும் என் தோளைப் பிடித்தபடி இருந்தது, நான் சரிந்துவிடாமல்.

இங்கே ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். அந்த நிமிஷத்தில் எனக்கு உள்ளே எங்கோ இனித்தது. நான்கு வருஷத்துக்கு முன்னால் நான் நின்ற இடத்தில் இப்போது அவள் நிற்கிறாள். அதே சொற்கள். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. நாலு மூச்சு, ஐந்து மூச்சு இருக்கலாம். அவள் கை இன்னும் விடாமல் பிடித்திருப்பது என் தோளில் தெரிந்தது. தோளில் உணர்வு திரும்பியிருந்தது.

"மேடம், அவங்க மேல தப்பு இல்ல" என்றேன். என் குரல் அப்போது பலவீனமாகத்தான் வரும். இரண்டாவது தடவை சொன்ன பிறகுதான் இன்சார்ஜ் நிறுத்தினார். "ஒவ்வொரு வாட்டியும் திருப்ப வந்தாங்க. நான்தான் வேணாம்னேன். ஈரம் ஆனது எனக்குத் தெரியும். சிஸ்டர் கேட்டப்பவும் இல்லன்னு பொய் சொன்னேன். வெக்கமா இருந்துச்சு."

இன்சார்ஜ் ரோஸ்லினிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போய்விட்டார். ரோஸ்லின் திட்டவில்லை. தாளை எடுத்து, ஈரத்துக்கு நேராக இருந்த நான்கை அடித்து இரண்டு என்று எழுதினார். கூட்டினார். ஒன்பது.

"நானும் கேட்டதோட விட்டுட்டேன். கைய வச்சிப் பாத்திருக்கணும்" என்றார். "இனிமே ரெண்டு மணிக்கு ஒருவாட்டி நீங்க கேட்டாலும் கேக்காட்டியும் பேன் வைப்பாங்க. தண்ணி நல்லா குடிக்கணும். அந்த செவப்பு மேல ஒரு வாரம் படுக்கவே கூடாது. ஜன்னல், கதவு, ரெண்டு பக்கம்தான்."

கஸ்தூரி துணியை மாற்றினாள். வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து, ஒற்றி எடுத்து, கிரீம் தடவினாள். பிறகு பவுடர் டப்பாவை எடுத்துக்கொண்டு, சிவந்த இடத்தைத் தேய்க்கப் போனாள்.

"தேய்க்காதீங்க" என்று தடுத்தார் ரோஸ்லின். "ஏற்கெனவே நசுங்கின எடம். தேய்ச்சா உள்ள இருக்கற சதை இன்னும் கிழியும். ட்யூப் மாதிரி காத்தடிச்ச ரப்பர் வளையம் விக்கறாங்க பாருங்க, அதையும் வாங்கி வைக்காதீங்க. சுத்தி அழுத்தி நடுவுல ரத்தமே வராம பண்ணிடும்."

மாமியாருக்குப் புண் வரும் முன்னால், அந்த இடம் சிவந்தபோது, நான் தினமும் இரண்டு வேளை ஸ்பிரிட்டும் பவுடரும் போட்டு, கை வலிக்க வலிக்கத் தேய்த்தேன். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ரப்பர் வளையமும் வாங்கி வந்தேன். நல்லது செய்கிறேன் என்ற நினைப்பில்தான் அத்தனையும் செய்தேன்.

ரோஸ்லின் போன பிறகு நான் அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் முடியாது. கஸ்தூரி தன் முந்தானையால் துடைத்தாள்.

"வலிக்குதா?"

"அத்தைக்கு நான் தேய்ச்சேன், கஸ்தூரி. வளையம் வச்சேன். நான்தான் பெருசாக்கிட்டேன்."

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு கட்டில் ஓரத்தில் கிடந்த ரோஸ்லினின் தாளை எடுத்தாள். விரலை ஒவ்வொரு வரியாக வைத்துப் பார்த்தாள்.

"அம்மாவுக்கு ஒரு பக்கம் உணர்ச்சியே இல்ல. பேச்சும் வரல. ரெண்டு போடலாமா?"

நான் தலையாட்டினேன்.

"ஈரம், எப்பவுமேதான். ஒண்ணு. நடமாட்டம் ஒண்ணு. அசையறது ஒண்ணு. சாப்பாடு... கடைசி காலத்துல ரெண்டு ஸ்பூன் கஞ்சிதானே. ஒண்ணு. உரசல் ஒண்ணு." அவள் வாய்க்குள் கூட்டினாள். "ஏழு, அண்ணி."

அந்தத் தாளில் ஆறுக்குக் கீழே மார்க்கே கிடையாது.

"பகலு பூரா நீங்க வேலைக்கு. ரெண்டு மணிக்கு ஒருவாட்டி யாரு திருப்பறது?" என்றாள். "நான் அடுகோடியிலதான் இருந்தேன். வாரத்துக்கு ஒருவாட்டி ஆரஞ்சுப்பழம் வாங்கிட்டு வந்து தலமாட்டுல உக்காந்து பேசிட்டுப் போனேன். ஒரு நாளு கூட அம்மாவ திருப்பிப் பாக்கல. திருப்பியிருந்தா எனக்கும் அந்த செவப்பு தெரிஞ்சிருக்கும்." கொஞ்ச நேரம் தாளையே பார்த்தாள். "இன்னிக்கி அந்தம்மா கத்தறப்ப, நான் எல்லாம் செஞ்சேனேன்னு மனசு துடிச்சிச்சு. ஆனா வாயில வரல. அன்னிக்கி உங்களுக்கும் அப்டித்தான இருந்திருக்கும்."

அவள் பிளாஸ்கைத் திறந்து வெந்நீர் ஊற்றி, ஆற்றி, என் தலையைத் தாங்கிக் கொடுத்தாள். ஒரு டம்ளர் முழுக்கக் குடித்தேன்.

அதன் பிறகு அவள் கேட்காமலேயே பேன் வைத்தாள். கசிந்துவிட்டால் நானே சொன்னேன், "ஆயிடுச்சு கஸ்தூரி." "ஆனா என்னா, மாத்திக்கலாம்" என்பாள். இப்படிச் சொல்ல எளிதாகத்தான் இருந்தது. தினமும் காலையில் ரோஸ்லினுக்கு முன்னால் அவளே என்னைத் திருப்பி விரலால் அழுத்திப் பார்ப்பாள். முதல் மூன்று நாள் மாற்றமில்லை. நான்காம் நாள், "ஓரத்துல லேசா வெளுக்குது அண்ணி" என்றாள். ஆறாம் நாள் பார்வை நேரத்தில், வந்து உட்காரும் முன்பே இவரிடம், "அண்ணா, செவப்பு போயிடுச்சு" என்று சொன்னாள். என்னிடம் ஒன்று, அவளிடம் ஒன்று என்று பேசத் தயாராக வந்தவர், இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, யாரிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் வாழைப்பழச் சீப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

கைகால்கள் மெல்லத் திரும்பின. முதலில் தோள், பிறகு இடுப்பு. பிசியோதெரபிக்கு வரும் பெண் என்னைத் தினமும் உட்கார வைத்து, விழாமல் பிடித்து, விட்டு, பிடித்துப் பழக்கினாள். ஐந்தாவது வாரத்தில் ஒரு மத்தியானம். சாப்பாடு முடிந்து வார்டு அடங்கியிருந்தது. கஸ்தூரி ஸ்டூலில் உட்கார்ந்தபடி சுவரில் சாய்ந்து தூங்கிப்போனாள். அத்தனை நாள் அலுப்பு. திருப்பும் நேரம் தாண்டியது. எழுப்ப மனமில்லை. கட்டிலின் கம்பியில் மணிக்கட்டை மாட்டி இழுத்துப் பார்த்தேன். இடுப்பு கொஞ்சம் வந்தது. மூச்சு வாங்கியது. மறுபடியும் இழுத்தேன்.

கஸ்தூரி திடுக்கிட்டு விழித்தாள். கடிகாரத்தைப் பார்த்து, "அய்யோ, முக்கா மணி நேரம் தாண்டிடுச்சு" என்று ஓடி வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவள் ஜன்னல் பக்கம் திருப்பி வைத்த நான், கதவுப் பக்கம் பார்த்துப் படுத்திருந்தேன்.

"யாரு திருப்புனது? சிஸ்டரா?"

"நான்தான்."

"சும்னே சொல்லாதீங்க."

"நெஜமா."

"எங்க, மறுபடி திரும்புங்க பாக்கலாம்."

ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். மணிக்கட்டு, தோள், இடுப்பு, கடைசியில் கால். அவள் உதவிக்கு நீட்டிய கைகளைத் தானே பின்னால் இழுத்துக் கட்டிக்கொண்டாள். நான் திரும்பி முடித்ததும் ஸ்டூலில் உட்கார்ந்து ஓவென்று அழ ஆரம்பித்தாள். பக்கத்துக் கட்டில் அம்மா பயந்துபோய் எழுந்து, "ஏனாயித்தம்மா?" என்று கேட்டார். அழுதுகொண்டே கஸ்தூரி, "ஏனில்லம்மா, நம்ம அத்திகே தாவே திருகிதரு" என்றாள். எங்கள் அண்ணி தானே திரும்பினார்கள் என்று.

அதற்கு இரண்டு வாரம் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நடை வரவில்லை, விரல்கள் முழுதாக மடங்கவில்லை. மற்றதெல்லாம் வீட்டில் வரும் என்றார்கள். ரோஸ்லின் தன் தாள் ஒன்றைக் கஸ்தூரி கையில் கொடுத்து, "அக்கம்பக்கத்துல யாராவது படுத்துட்டா காட்டுங்க" என்றார். கஸ்தூரி காலையில் அடுகோடியில் சமையலை முடித்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து, சுதா பள்ளிக்கூடத்திலிருந்து வரும்வரை இருப்பாள்.

வீட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, இவருடைய சித்தி என்னைப் பார்க்க வந்தார். மாமியார் சாவில் முன்னால் நின்று எல்லாம் பார்த்தவர். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் கையைத் தடவிக்கொண்டே, "இத்தன நாள் படுத்தும் உனக்குப் புண்ணு கிண்ணு வரலயே, அதுவே புண்ணியம். கூடப் பாத்துக்கறவங்க நல்லா பாத்துகிட்டா ஏன் வருது?" என்றார். சொன்ன பிறகு, தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கே உறைத்தது போலிருக்கிறது. தடவிய கை நின்றது.

கீழே உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த கஸ்தூரி அரிவாள்மனையை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"வந்துச்சு சித்தி. என் கையில இருக்கறப்பவே வந்துச்சு. சீக்கிரம் பாத்ததால போச்சு." அவள் குரல் உயரவில்லை. "அம்மாவுக்கு வந்ததுக்கு அண்ணி காரணம் இல்ல. அன்னிக்கி எல்லார் எதிர்லயும் நான் பேசுனது தப்பு. நீங்க அங்க இருந்தீங்க, அதனாலதான் உங்க கிட்ட சொல்றேன். மத்தவங்க கேட்டாலும் சொல்லுங்க."

சித்தி "ஒரு வாய் காப்பி கொடேன்" என்றார். கஸ்தூரி எழுந்து அடுப்படிக்குப் போனாள். பால் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது.

கண்ணைத் துடைத்துக்கொள்ள என் கை இன்னும் முகம்வரை எழவில்லை. நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.